பற்றைக்காட்டு வேட்டைக்கு உகந்த றைபிள்

எந்தக் கருவியும் அது பயன்படும் இடத்தைக் கொண்டே மதிக்கப்படல் வேண்டும். ஆழ்கடலில் அலையை வெல்லும் பெரிய வள்ளம் ஆழமற்ற களப்பிலே தரைதட்டி நிற்கும். வயற்சேற்றை எளிதிற் புரட்டும் கலப்பை கற்றரையில் முனை மழுங்கிவிடும். றைபிள் என்னும் சுடுகருவிக்கும் இவ்விதி பொருந்தும். பரந்த புல்வெளியில் நானூறு யார் தூரத்தில் நிற்கும் விலங்கைச் சுடுவதற்கென அமைந்த நீண்ட குழல் றைபிள், கிளையும் கொடியும் பின்னிக் கிடக்கும் பற்றைக்காட்டில் அதனை ஏந்தி நடப்பவனுக்கே தடையாகிவிடுகின்றது. அடர்ந்த காட்டில் மானையும் கரடியையும் வேட்டையாடுவோர் எத்தகைய றைபிளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும், எக்காரணம் பற்றித் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

இலங்கையில் மான், மரை, கரடி ஆகியவற்றை வேட்டையாடுதல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே அத்தடைக்கு அடிப்படை. அதே 1937 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவும் ஒரு சட்டத்தை இயற்றியது. ஆனால் அது வேறொரு வழியைப் பின்பற்றிற்று. வேட்டையை முற்றாக நிறுத்தாது, றைபிள்கள் மீதும் தோட்டாக்கள் மீதும் அறவிடப்படும் வரியை வனவிலங்குகளைப் பெருக்குவதற்கே செலவிடுதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இன்று அவ்வரி நூற்றுக்கு 11 வீதமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகவும் அருகிப்போயிருந்த வெள்ளைவால் மான், காலவரையறை, உரிமம், பாதுகாப்பு ஆகிய ஒழுங்குகளின் பயனாக இன்று அந்நாட்டிற் கோடிக்கணக்கிற் பெருகியிருக்கின்றது. ஆகையால் அங்கு வேட்டை என்பது குறித்த பருவத்தில், குறித்த தொகைக்கு, உரிமம் பெற்று நடைபெறும் செயல். பற்றைக்காட்டு றைபிள் என்று ஒரு தனி வகை உருவானதும் அந்த நாட்டின் வடகிழக்குக் காடுகளிலேயாம்.

மெயின், வெர்மொன்ற், நியூ ஹாம்ஷயர் என்னும் மாநிலங்களும், நியூயோர்க் மாநிலத்தின் அடிறொண்டாக் மலைப்பகுதியும் அக்காடுகளைக் கொண்டவை. அங்கே ஊசியிலை மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். மரம் வெட்டிய இடங்களில் இளங்கன்றுகள் ஆளுயரத்துக்கு நெருங்கி வளர்ந்திருக்கும். தாழ்நிலங்களிற் சேறும், விழுந்து உக்கிய அடிமரங்களும் வழிமறிக்கும். நவம்பர் மாதத்தில் இலையுதிர்ந்த பின்னரும் ஐம்பது யார் தூரத்துக்கு அப்பாற் பார்வை செல்லாத இடங்கள் பல. இத்தகைய காட்டில் மான் முழு உருவத்தோடு வந்து நிற்பதில்லை. முதலிற் காணப்படுவது ஒரு காதின் அசைவாகவோ, முதுகின் நேர்கோடாகவோ, வெள்ளை வாலின் ஒரு வீச்சாகவோ இருக்கும். அடுத்த கணம் அதுவும் மறைந்துவிடும். வேட்டைக்காரனுக்குக் கிடைக்கும் காலம் இரண்டு மூன்று வினாடிகளே.

இந்நிலைமையிலிருந்து மூன்று தேவைகள் பிறக்கின்றன. றைபிள் கொடியிற் சிக்காது விரைவாகத் தோளுக்கு ஏறல் வேண்டும். மங்கிய ஒளியிலும் கண் அதன் குறியை உடனே கண்டுகொள்ளல் வேண்டும். முதற் குண்டு சென்று தைக்க வேண்டிய இடத்திலேயே சென்று தைத்தல் வேண்டும். பற்றைக்காட்டு றைபிளைப் பற்றிய மற்றெல்லா விவாதங்களும் இம்மூன்றுக்கும் பின்னரே வைக்கத்தக்கவை. ஆயினும் உலக வழக்கம் வேறாக இருக்கின்றது. வேட்டைக்காரர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி குண்டின் கனத்தையும் வலிமையையும் பற்றியதாகவே இருக்கின்றது.

இத்தேவைகளை முதன்முதலாக ஒருங்கே நிறைவேற்றிய றைபிள் வின்செஸ்டர் 1894 எனப் பெயர் பெற்றது. அதனை அமைத்தவர் யூட்டா மாநிலத்திற் பிறந்த ஜோன் மோசஸ் பிறௌணிங் என்னும் பேரறிஞர். விசையைச் சூழ்ந்து கீழே வளையமாக அமைந்த நெம்புகோலைக் கையால் முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே எறியப்பட்டு அடுத்த தோட்டா குழலில் ஏறும். 1895 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு புதிய தோட்டா வெளிவந்தது. முப்பது-முப்பது என்று இன்றும் வழங்கும் அத்தோட்டா, புகையில்லா வெடிமருந்தைக் கொண்டு அமெரிக்க வேட்டைக்கென அமைந்த சிறுகுழல் தோட்டாக்களில் முதலாவது. முன்னைய கருமருந்து ஒருமுறை வெடித்தாற் கிளம்பும் வெண்புகை, ஈரக்காற்று அசையாத காட்டில் திரைபோல் நின்று, விலங்கு விழுந்ததா ஓடியதா என்பதையே மறைத்துவிடும். புதிய மருந்து அத்திரையை நீக்கிற்று. பற்றைக்காட்டு வேட்டைக்கு அது செய்த பேருதவி இதுவே.

இருபது அங்குலக் குழலையுடைய அந்த றைபிளின் முழு நீளம் ஏறத்தாழ 38 அங்குலம். நிறை ஆறரை இறாத்தல் அளவில். இரு பக்கமும் தட்டையாக இருத்தலால் ஒரு கையில் நடுவே பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கலாம். இவ்வகையில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்ட றைபிள்கள் செய்யப்பட்டன. கனெற்றிக்கற் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இருந்த தொழிற்சாலையில் இவற்றின் உற்பத்தி 2006 ஆம் ஆண்டில் முடிவுற்றது. பின்னர் அதே மாதிரி ஜப்பானிற் செய்யப்பட்டு வருகின்றது.

இதனோடு போட்டியிட்ட வேறு றைபிள்களும் இருந்தன. ஆதர் சவேஜ் என்பவர் அமைத்த 1899 ஆம் ஆண்டு மாதிரியில் தோட்டாக்கள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதில்லை. சுழலும் உருளையொன்றில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாடு சிறிதன்று. குழாயில் ஒரு குண்டின் நுனி முன்னிருக்கும் தோட்டாவின் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். நுனி கூராக இருந்தால் பின்னுதையின் அதிர்ச்சியில் அக்கேப்பு வெடித்துவிடக் கூடும். அதனால் குழாயுள்ள றைபிள்களுக்குத் தட்டை நுனிக் குண்டுகளே பல்லாண்டுகளாக வழங்கின. இக்காலத்தில் மிருதுவான நெகிழ்நுனி உடைய கூர்க்குண்டுகளும் அவற்றுக்கென்றே செய்யப்படுகின்றன. சவேஜின் உருளையோ எந்தக் கூர்க்குண்டையும் ஏற்கும். 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த மார்லின் 336 வெறுங்கூட்டைப் பக்கவாட்டில் எறிவதாதலால், அதன் மேற்புறத்தில் தொலைநோக்கியைப் பொருத்துதல் எளிது. பழைய வின்செஸ்டர் கூட்டை மேலே எறிவதால் அவ்வசதி அதில் இல்லை. நெம்புகோலுக்குப் பதிலாக முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் றெமிங்டன் 760 என்னும் றைபிள் 1952 ஆம் ஆண்டில் வந்தது. பனியிற் பதிந்த தடத்தைப் பற்றிச் சென்று மான் வேட்டையாடுவதிற் புகழ்பெற்ற வெர்மொன்ற் வாசியான லாரி பெனோவா விரும்பிக் கையாண்டது அவ்வகை றைபிளேயாகும். தாழ்ப்பாள் முறையில் இயங்கும் றைபிள்களும், குழல் குறுகியனவாயின், பற்றைக்காட்டுக்கு உகந்தனவே. எனவே ஒரே ஒரு வகைதான் சிறந்தது என்று வாதிடுவது பயனற்றது.

இனி, இத்துறையில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் ஒரு நம்பிக்கையை ஆராய்தல் வேண்டும். கனமானதும் வேகங் குறைந்ததும் மொட்டை நுனியுடையதுமான குண்டு, சிறு கிளைகளையும் பற்றைகளையும் முறித்துக்கொண்டு நேரே சென்று விலங்கைத் தாக்கும். மெல்லியதும் விரைவானதுமான குண்டு ஒரு குச்சியிற் பட்டாலும் திசைமாறிவிடும் என்பதே அந்நம்பிக்கை. 1906 ஆம் ஆண்டில் வெளிவந்த றெமிங்டன் 35 என்னும் தோட்டாவும், 1873 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்துக்கென அமைந்த 45-70 என்னும் பழந் தோட்டாவும் இந்நம்பிக்கையினாலேயே பற்றைவெட்டிகள் எனப் பெயரெடுத்தன. முப்பது-முப்பது குண்டு 170 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11 கிராம், நிறையுடையது. றெமிங்டன் 35 இன் குண்டு 200 கிரெயின். 45-70 இன் பழைய குண்டோ 405 கிரெயின், ஏறத்தாழ 26 கிராம். கையில் வைத்துப் பார்ப்பவனுக்கு அப்பெரிய ஈயக்கட்டி எந்தப் பற்றையையும் துளைத்துச் செல்லும் என்றே தோன்றும்.

ஆனால் தோற்றம் வேறு, உண்மை வேறு. நிலத்திற் குச்சிகளை வரிசையாக நட்டும், உண்மையான பற்றைகளை இடையில் வைத்தும், பின்னே கடதாசிப் பலகையை நிறுத்தியும் பலர் பலகாலஞ் செய்துபார்த்த சோதனைகள் ஒரு முடிவையே காட்டின. எல்லாக் குண்டுகளும் விலகுகின்றன. கனமான குண்டு சில வேளைகளிற் சற்றுக் குறைவாக விலகலாம். ஆனால் எவ்வேளையிற் குறைவாக விலகும் என்று எவராலும் முன்னரே கூற முடியாது. நம்பியிருக்க முடியாத உதவி உதவியன்று.

குண்டு விலகுவதற்குக் காரணம் அது செல்லும் முறையிலேயே உள்ளது. றைபிளின் குழலினுள்ளே திருகுசுருள்போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. முப்பது-முப்பது றைபிளில் அவ்வரி 12 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2200 அடி வேகத்திற் புறப்படுவதால், அது வினாடிக்கு 2200 தடவை தன்னைத்தான் சுற்றிக்கொண்டு செல்லுகின்றது. சிறுவர் விடும் பம்பரம் சுழலுமட்டும் நிமிர்ந்து நிற்பது போல, இச்சுழற்சியினாலேதான் குண்டு நுனி முன்னாக நேரே செல்லுகின்றது. சுழலும் பம்பரத்தின் பக்கத்தில் ஒரு ஈர்க்கினால் தட்டினால் அது தள்ளாடுவதை எல்லாருங் கண்டிருப்பர். பறக்கும் குண்டு கிளையொன்றின் ஓரத்தை உரசும்பொழுதும் அதுவே நிகழ்கின்றது. நுனி சாய்கின்றது, குண்டு தள்ளாடுகின்றது, சில வேளைகளிற் குறுக்காகப் புரண்டும் விடுகின்றது. மிருதுவான நுனியுடைய குண்டாயின் கிளையிலேயே விரிந்து, விலங்கை அடையும் முன்னரே தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இதன் விளைவைப் பாடசாலைக் கணிதங் கொண்டே அளந்துவிடலாம். குண்டு ஒரேயொரு பாகை விலகினால், ஒவ்வொரு 57 அடிக்கும் ஏறத்தாழ ஓரடி குறிதவறும். மானின் நெஞ்சில், இருதயமும் நுரையீரலும் அடங்கிய உயிர்நிலை ஏறத்தாழ எட்டு அங்குல அகலமுள்ளது. அதன் நடுவே குறிவைத்தவனுக்கு நாலாபுறமும் நாலு அங்குலமே இடமுண்டு. குறுக்கிட்ட கிளை மானுக்கு ஆறடி முன்னால் இருந்தால், ஒரு பாகை விலகிய குண்டு ஒன்றேகால் அங்குலம் மாத்திரமே தவறும், மான் விழும், சுட்டவன் தன் குண்டு பற்றையை வெட்டியது என்று பெருமை பேசுவான். அதே கிளை மானுக்கு 57 அடி முன்னால் இருந்தாலோ குண்டு ஓரடி தவறும். அப்போது அது நெஞ்சை விட்டு வயிற்றிற் பாயும். அல்லது காலை முறிக்கும். அந்த மான் உடனே சாவதில்லை. காட்டுக்குள்ளே ஓடி, எவரும் காணாத இடத்தில், பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும். பற்றைவெட்டி என்னும் கதை நிலைத்ததன் இரகசியம் இதுவே. வெற்றி பெற்றவன் தன் கதையைச் சொன்னான். காயப்பட்டு மறைந்த விலங்குக்கோ கதை சொல்லும் வாயில்லை.

அப்படியாயின் கனமான குண்டினால் நன்மையே இல்லையா? உண்டு, ஆனால் அது பற்றையிலன்று, கரடியின் உடலிலே. அமெரிக்கக் கருங்கரடியின் உரோமம் நீண்டது. தோலின் கீழே இலையுதிர்காலத்திற் சேர்த்த கொழுப்புத் தடித்திருக்கும். குண்டு ஒரு பக்கத்தால் நுழைந்து உள்ளே தங்கிவிட்டால், கொழுப்பு அத்துவாரத்தை அடைத்துவிடும். கசியும் குருதியை உரோமம் உறிஞ்சிக்கொள்ளும். நிலத்திற் குருதித்துளி விழாது. அடர்ந்த பற்றையில், மாலையிருளில், தடமின்றிக் காயப்பட்ட கரடியைத் தேடிச் செல்லுதல் வேட்டையில் மிகக் கொடிய வேலை. ஆதலால் கரடிக்குக் குண்டு ஆழப் பாய்ந்து மறுபுறத்தால் வெளியேறத்தக்க கனமும் கட்டமைப்பும் உடையதாயிருத்தல் நன்று. மானுக்கும் கரடிக்கும் ஒரே றைபிளைக் கொண்டு செல்பவன் கரடியை எண்ணியே தோட்டாவைத் தெரிவு செய்தல் முறை. முப்பது-முப்பதில் 170 கிரெயின் குண்டும், றெமிங்டன் 35 இல் 200 கிரெயின் குண்டும், 308 அல்லது 30-06 தோட்டாக்களில் 180 கிரெயின் குண்டும் அத்தூரங்களில் இரு விலங்குகளுக்கும் போதுமானவை.

போதுமானது என்ற சொல்லை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். வேண்டியதற்கு மிஞ்சிய வலிமை இத்துறையில் தீங்கையே தரும். குண்டு முன்னே செல்லும் விசைக்கு ஏற்ப றைபிள் பின்னே உதைக்கும். இலேசான றைபிளிற் பெரிய தோட்டாவைச் சுடுபவன், உதை விழுவதற்கு முன்னரே அதனை எதிர்பார்த்துக் கண்ணை மூடித் தோளைச் சுருக்கத் தொடங்குவான். அப்பழக்கம் ஒருமுறை பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. தைக்க வேண்டிய இடத்தில் தைத்த சிறு குண்டு, தவறிச் சென்ற பெருங் குண்டை விட வலியது. ஆதலால் அச்சமின்றி இருபது தடவை தொடர்ந்து சுடக்கூடிய தோட்டாவே ஒருவனுக்கு உரிய தோட்டா.

றைபிளைக் கடையிற் பார்த்து வாங்கும்போது செய்யத்தக்க எளிய சோதனையொன்று உண்டு. முதலில் அது வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் ஆளில்லாத பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு றைபிளைத் தோளுக்கு ஏற்றி, அதன்பின் கண்ணைத் திறத்தல் வேண்டும். கண் திறந்தவுடன் முன்குறியும் பின்குறியும் ஒரே நேர்கோட்டில் தெரியுமாயின், அந்த றைபிள் அவனுக்குப் பொருந்தியது. கழுத்தை நீட்டியோ தலையைத் தாழ்த்தியோ தேடவேண்டியிருந்தால், தோட்கட்டை அவனுக்கு நீளம் அல்லது குட்டை. இதனைக் குளிர்காலத் தடித்த மேலங்கியை அணிந்துகொண்டே செய்தல் வேண்டும். மெல்லிய சட்டையோடு கடையிற் சரியாக இருந்த கட்டை, காட்டில் மேலங்கியின் கக்கத்திற் சிக்கிக்கொண்டால், அந்த இரண்டு வினாடியும் அங்கேயே கழிந்துவிடும். கையுறை அணிந்த விரல் நெம்புகோல் வளையத்தினுள் தாராளமாக நுழைகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

குறிபார்க்கும் கருவி அடுத்தது. பழைய றைபிள்களிற் பின்புறத்தில் ஒரு பிளவும் முன்புறத்தில் ஒரு முனையும் இருந்தன. கண் ஒரே வேளையிற் பிளவையும் முனையையும் விலங்கையும் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பது வயதைக் கடந்த கண்ணால் அது இயலாது. பிளவுக்குப் பதிலாகக் கண்ணுக்கு அண்மையில் அகன்ற வளையமொன்றை வைக்கும் துளைக்குறி இத்தொல்லையைக் குறைக்கின்றது. வளையத்தின் ஊடாகப் பார்க்கும் கண் தானாகவே நடுவை நாடும். முன்முனையை விலங்கின்மேல் வைப்பது ஒன்றே வேலை. தொலைநோக்கியை விரும்புபவன் உருப்பெருக்கம் குறைந்ததையே தெரிதல் வேண்டும். நாலு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் நூறு யார் தூரத்தில் ஏறத்தாழ முப்பது அடி அகலம் தெரியும். இருபது யார் தூரத்திலோ ஆறடி மாத்திரமே தெரியும். அவ்வளவு கிட்டத்தில் நிற்கும் மான் அக்கண்ணாடி முழுவதையும் உரோமத்தால் நிரப்பிவிடும். தலை எது, வால் எது என்று அறிதல் அரிது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு போதும். அவ்வாறான தொலைநோக்கிக்குப் பற்றைக்காட்டில் மற்றுமொரு நன்மையுண்டு: வெறுங் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய குச்சிகளை அது காட்டிக்கொடுக்கும். குண்டு செல்லும் வழியில் துளையொன்று உண்டா என்று பார்க்க அது உதவும். எனினும் அசைவது மனிதனா விலங்கா என்று அறிவதற்கு றைபிளிலுள்ள தொலைநோக்கியை ஒருபோதும் பயன்படுத்துதல் ஆகாது. அப்படிச் செய்பவன் மனிதனை நோக்கிக் குழலை நீட்டிவிட்ட பின்னரே அவன் மனிதன் என்பதை அறிகின்றான். அவ்வேலைக்குக் கழுத்திலே தொங்கும் இருகண் தொலைநோக்கி வேண்டும்.

பழைய நெம்புகோல் றைபிள்களில் வெளியே தெரியும் குதிரையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. நடக்கும்போது அதனை அரைநிலையில் வைத்திருப்பர். விலங்கு மறைந்துபோனால், முழுநிலையில் நிமிர்த்திய குதிரையைப் பெருவிரலால் மெல்ல இறக்க வேண்டும். குளிரில் விறைத்த விரல் வழுக்கினால் றைபிள் வெடித்துவிடும். வெறும் றைபிளில் இதனைப் பலமுறை பழகாதவன், தனிப் பாதுகாப்புத் தடுப்புள்ள றைபிளைத் தெரிவதே நன்று.

இதுவரை கூறியவை வேட்டைக்காரனையும் விலங்கையும் பற்றியவை. காட்டில் வேறு மனிதரும் உளர். றைபிளிலிருந்து புறப்பட்ட குண்டு குறி தவறினால் ஒரு மைலுக்கு மேலுஞ் செல்லக் கூடியது. பற்றைக்காட்டில் ஐம்பது யாருக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே வீடும் இருக்கலாம், பாதையும் இருக்கலாம். இக்காரணம் பற்றியே குடியிருப்பு நெருங்கிய மசச்சூசெற்ஸ் போன்ற மாநிலங்களில் மான் வேட்டைக்கு றைபிளையே அனுமதிப்பதில்லை. ஒற்றைக்குண்டு இட்ட வேட்டைத் துவக்கு முதலியவற்றையே அங்கு கொண்டுசெல்லல் வேண்டும். அதன் பெருங்குண்டு விரைவில் வேகமிழந்து நிலத்தில் விழும்.

மெயின் மாநிலத்தில் 1988 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிகழ்ந்த சம்பவமொன்றை அந்நாட்டினர் இன்றும் மறக்கவில்லை. தன் வீட்டின் பின்புறத்தில் வெள்ளைக் கையுறை அணிந்து நின்ற இளந்தாய் ஒருத்தி, மான் என்று கருதிச் சுடப்பட்டு இறந்தாள். சுட்டவர் வேட்டையிற் பழகியவர், புதியவர் அல்லர். 1990 ஆம் ஆண்டில் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளித்தனர். வீட்டின் பின்புறத்தில் வெள்ளைக் கையுறையோடு நின்றது அப்பெண்ணின் தவறு என்று பேசினோரும் இருந்தனர். அப்பேச்சு நாட்டின் மனச்சாட்சியைக் குத்திற்று. 1991 ஆம் ஆண்டில் அம்மாநிலம் இலக்கை இனங்காணும் கடமையைச் சட்டமாக்கியது. விலங்கின் தலையையும் உடற்பகுதியையும் பெரும்பாலும் மறைவின்றித் தன் கண்ணாற் கண்ட பின்னரே ஒருவன் சுடலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். காதின் அசைவும் வாலின் வீச்சும் கிளை முறியும் ஓசையும் சுடுவதற்குப் போதிய ஆதாரங்கள் அல்ல.

இச்சட்டத்தையும் முன்னர் கூறிய கணக்கையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தலையும் உடலும் மறைவின்றித் தெரியும்போது குண்டு வெட்டிச் செல்ல வேண்டிய பற்றை பெரும்பாலும் இல்லை. பற்றை மறைத்து நிற்கும்போது சுடுதல் தகாது. ஆகவே பற்றையை வெட்டும் குண்டு என்பது நேர்மையான வேட்டைக்காரனுக்குத் தேவைப்படாத ஒன்று. அதனைத் தேடி விலை கொடுப்பவன், காணாததைச் சுடுவதற்கே தன்னை ஆயத்தஞ் செய்துகொள்கின்றான்.

சுடாமல் விடுதலும் வேட்டையின் ஒரு பகுதியேயாகும். 1902 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க சனாதிபதி தியோடோர் றூஸ்வெல்ற் மிசிசிப்பி மாநிலத்துக் காட்டிற் கரடி வேட்டைக்குச் சென்றார். மூங்கிலினத்து நாணல் செறிந்த அக்காட்டில் அவருக்கு வழிகாட்டியவர், அடிமையாகப் பிறந்து பெரும் வேட்டைக்காரராக உயர்ந்த ஹோல்ற் கொலியர். நாய்கள் வளைத்த கரடியைச் சுடாமல், கொலியர் தம் துவக்கைத் தடியாகக் கொண்டு கரடியை அடித்து வீழ்த்தி மரத்திற் கட்டிவைத்தார். சனாதிபதி வந்து பார்த்தார். கட்டுண்ட விலங்கைச் சுடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். படுகாயமுற்ற கரடியின் வேதனையைக் கத்தியினால் முடித்துவிடுமாறு மாத்திரம் பணித்தார். பத்திரிகையில் வெளிவந்த ஒரு கேலிச்சித்திரத்தினால் அச்செய்தி பரவி, உலகெங்கும் குழந்தைகள் கையிலிருக்கும் ரெடி கரடிப் பொம்மைக்குப் பெயரளித்தது. அவர் சுட்ட எத்தனையோ விலங்குகளை உலகம் மறந்துவிட்டது. சுடாத ஒன்றை நினைவில் வைத்திருக்கின்றது.

பற்றைக்காட்டுக்கு றைபிள் தெரிபவன் நினைவிற் கொள்ளத்தக்கவை சில. குழல் இருபது அங்குல அளவில் அமைந்து, நிறை ஏழு இறாத்தலை அதிகம் மிஞ்சாது, கண் மூடி ஏற்றினாலும் தோளிற் சரியாக வந்து அமரும் றைபிள் அவனுக்கு ஏற்றது. துளைக்குறி அல்லது பெருக்கங் குறைந்த தொலைநோக்கி அதற்குப் பொருத்தமானது. கரடியின் உடலை ஊடுருவப் போதுமானதும், சுடுபவனை அச்சுறுத்தாததுமான தோட்டா வேண்டும். பருவம் தொடங்குமுன் அதே றைபிளாற் பலநாட் பயிற்சி வேண்டும். இவையனைத்தும் பணத்தாலும் முயற்சியாலும் கிடைப்பவை. தெளிவாகக் காணும்வரை விசையில் விரலை வையாத பொறுமை எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. அதனை வேட்டைக்காரன் தானே தன்னோடு காட்டுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.